வாய்ப்புற்றில் ராப்25: பிளாக்கா, பிசிஆரா, ரத்தமா? நெல்லைச் சீமை ஆய்வகங்களுக்கு ஓர் ஒப்பீடு

நோய்க்குறியியல் முதுகலை ஆய்வேட்டுக்கோ பிஎச்டிக்கோ, செல்லுக்குள் சரக்குப் போக்குவரத்தை வழிநடத்தும் ராப்25 புரதத்தை வாய்ப்புற்றில் ஆராய எடுத்துக்கொள்பவர்கள் முதலில் தடுமாறும் இடம் ஒன்றுதான்: இதை எதில் அளப்பது? அலமாரியில் இருக்கும் பாரஃபின் பிளாக்கை (மெழுகில் பதித்த திசு) வெட்டி, ஆன்டிபாடியால் புரதத்துக்குக் கறையேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் ஐஎச்சி போடலாம். அறுவை அரங்கிலிருந்து புதுத் திசு வாங்கி ஆர்என்ஏ எடுத்து, அதைப் பெருக்கி அளக்கும் பிசிஆர் ஓட்டலாம். அரைத்த திசுவின் புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் செய்யலாம். டிஎன்ஏவில் மரபணுவை ஒடுக்கும் மெத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கலாம். ரத்தத்திலோ எச்சிலிலோ புரத அளவைப் பார்க்கும் எலைசா செய்யலாம். ஐந்துக்கும் கிட் கிடைக்கிறது. ஆனால் ஐந்தும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்பவை அல்ல.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்து சேரும் வாய்ப்புற்று மாதிரிகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அன்றாடம் புழங்கும் சீமை இது. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. அதனால் கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும் வரும் செதிள்செல் புற்றுக்கு மாதிரிப் பஞ்சம் இல்லை. மாதிரியை எப்படிக் கையாள்வது என்பதில்தான் பாடு.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாய்ச் செதிள்செல் புற்றில் ராப்25 பார்க்க, பாரஃபின் பிளாக்கில் ஐஎச்சிதான் முதல் தேர்வு. பிசிஆர் இரண்டாவது, அதுவும் புதுத் திசுவை முறையாகச் சேமிக்க முடிந்தால் மட்டும். வெஸ்டர்ன் பிளாட்டை ஆன்டிபாடியைச் சோதிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் எலைசா வேண்டாம். ஐஎச்சியை முன்னால் வைப்பது செலவை எண்ணி அல்ல. இந்தப் புரதம் எந்தச் செல்லில் இருக்கிறது, செல்லுக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்பதில்தான் அதன் பொருளே அடங்கியிருக்கிறது. திசுவை அரைத்துக் கரைத்துவிடும் எந்த முறையும் அந்தப் பதிலைத் தூக்கியெறிந்துவிட்டு வெறும் எண்ணைக் கையில் கொடுக்கும்.

ராப்25 செய்யும் வேலை

செல்லுக்குள் சரக்கெல்லாம் சிறு சவ்வுப் பைகளில்தான் போய்வருகிறது. வேய்ந்தான்குளம் பஸ் நிலையத்தில் வண்டியின் நெற்றியில் மாட்டிய ஊர்ப்பலகை மாதிரி, எந்தப் பை எந்தச் சவ்வில் போய்ச் சேர வேண்டும் என்பதை ராப் குடும்பப் புரதங்கள் காட்டுகின்றன. மனித உடலில் இவை 60க்கு மேல் உண்டு. ராப்25 அவற்றில் ராப்11 துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. ராப்11ஏ ஏறக்குறைய எல்லாத் திசுவிலும் இருக்கும். ராப்25 உறுப்புகளின் மேற்பரப்பை மூடும் எபிதீலியச் செல்களோடு நின்றுவிடும். செல் உள்ளிழுத்துக்கொண்ட இன்டெக்ரின் (செல்லைச் சுற்றியுள்ள நாரோடு பற்றவைப்பது) போன்ற சவ்வுப் புரதங்களை மறுபடி மேற்பரப்புக்குத் திருப்பி அனுப்பும் பாதையில் இது வேலை செய்கிறது.

அளவில் சிறிய புரதம்: 213 அமினோ அமிலங்கள், எடை 23 முதல் 24 கிலோடால்டன். இதன் மரபணு 1ஆம் குரோமோசோமின் நீளக் கையில் 22ஆம் பட்டையில் இருக்கிறது. ஒரு தனித்தன்மையும் உண்டு. மற்ற ராப்களில், தம்மை இயக்கும் ஜிடிபி (GTP) மூலக்கூறை உடைத்து அணையும் இடத்தில் குளூட்டமின் இருக்கும், ராப்25இல் அங்கே லூசின் இருக்கிறது. அதனால் இது அணைவதைவிட எரிந்துகொண்டிருக்கும் நிலையையே நாடுகிறது. அளவு சற்று கூடினாலும் குறைந்தாலும் செல்லின் போக்கு மாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

கூடினால் கெடுதலா, குறைந்தால் கெடுதலா?

ஆய்வு முன்மொழிவுகளில் அதிகம் சறுக்கும் இடம் இது. 2004இல் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தைச் சேர்ந்த குழு, சூலகப் புற்றிலும் மார்பகப் புற்றிலும் ராப்25 மிகுந்தால் நோய் மூர்க்கமாகிறது என்று காட்டியது. அந்தக் கட்டுரையை மட்டும் படித்துவிட்டு, வாய்ப்புற்றிலும் ராப்25 கூடுதலாக இருக்கும் என்று கருதுகோள் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். வாய்ப்புற்றில் கதை தலைகீழ். உணவுக்குழாய்ச் செதிள்செல் புற்றில் ராப்25 புற்றை அடக்கும் மரபணுவாக நடந்துகொள்கிறது என்று 2012இல் வெளியானது. தலை கழுத்துப் புற்றில் ராப்25 குறைந்தால் செல்கள் பரவுகின்றன என்று 2013இல் வந்தது. வாயிலும் தொண்டையிலும் வரும் செதிள்செல் புற்றில், கழுத்து நெறிக்கட்டிக்குப் பரவியவர்களிடம் இந்த மரபணு மெத்தில் ஏறி ஒடுங்கியிருப்பது 2016இல் வெளிவந்தது. பெருங்குடலிலும் 2010இல் எலியிலும் மனிதரிலும் இழப்பே கேடு என்று தெரிந்தது. மார்பகத்திலேயே 2006இல் இழப்பைக் காட்டும் ஆய்வு வந்து 2004இன் முடிவோடு மோதியது.

இந்த முரணுக்கு ஓரளவு விளக்கம் கிடைத்திருக்கிறது. 2007இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் ராப்25 ஆல்ஃபா5பீட்டா1 இன்டெக்ரினோடு சேர்ந்து அதைச் செல்லின் முன்முனையில் தேக்கி வைப்பதைக் காட்டினார்கள். அதனால் செல் சுற்றியுள்ள நாரில் பற்றிப்பற்றி நகர்கிறது. 2012இல் அதே ஆய்வு வழியில் கிளிக்3 என்ற இன்னொரு புரதம் வந்தது. ராப்25 அனுப்பும் இன்டெக்ரின், செல்லின் சிதைப்பு அறையான லைசோசோம் பக்கம் போகும்போது, கிளிக்3 இருந்தால் அது சிதையாமல் மேற்பரப்புக்குத் திரும்பும், செல் ஊடுருவும். கிளிக்3 இல்லாவிட்டால் அந்த ஊடுருவல் நடப்பதில்லை. ஆக ராப்25 தனியாக நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. கூட யார் இருக்கிறார்கள், எந்தத் திசு என்பதைப் பொறுத்தது. வாய்ப்புற்று ஆய்வில் கருதுகோளை 'குறைந்தால் பரவும்' என்று எழுதுங்கள். கையில் பணம் மிஞ்சினால் இரண்டாவது ஆன்டிபாடியாக கிளிக்3 வாங்குங்கள்.

குறைவைத் தேடுவதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. கறை பிடிக்காத ஸ்லைடு உண்மையிலேயே புரதம் இல்லாததா, மாதிரி கெட்டுப்போனதா? வலுவான கறையைத் தேடும் ஆய்வில் கெட்ட மாதிரி தானாகவே ஒதுங்கிவிடும். குறைவைத் தேடும் ஆய்வில் கெட்ட மாதிரியெல்லாம் உங்கள் கருதுகோளுக்குச் சாதகமான முடிவாக வேடம் போட்டு வந்து நிற்கும். கீழே ஃபார்மலினிலிருந்து தொடங்கி இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பாரஃபின் பிளாக்கில் ஐஎச்சி

பெரிய வசதி, மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. ஐந்தாண்டுப் பழைய பிளாக்கோடு அந்த நோயாளிக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்ற விவரமும் பதிவேட்டில் இருக்கும். புது மாதிரி சேகரித்து அந்த விவரத்துக்குக் காத்திருந்தால் படிப்பே முடிந்துவிடும். அடையாளம் நீக்கிய மீதத் திசுவில் ஆய்வு செய்ய ஒப்புதல் விலக்கு கேட்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறையில் இடம் உண்டு. நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு பிளாக்கைக்கூட எடுக்க வேண்டாம்.

முதல் பழுது ஃபார்மலினில் வரும். நடுநிலைத் தாங்கல் ஃபார்மலின் 1 லிட்டருக்கு: கடையில் வாங்கும் ஃபார்மலின் 100 மில்லி, வாலை வடிநீர் 900 மில்லி, நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம், சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம். திசுவின் கன அளவைப்போல் குறைந்தது 10 மடங்கு திரவம் வேண்டும். வெளியூர்களிலிருந்து வரும் குப்பியில் பல நேரம் திசு பாதி, திரவம் பாதி. உப்பே போடாமல் குழாய்த் தண்ணீரில் கலந்த ஃபார்மலின் நாளாக நாளாக அமிலமாகி, ரத்தம் உள்ள இடங்களில் பழுப்புக் கருமை நிறமியாகப் படியும். ஐஎச்சியில் புரதத்தைக் காட்டும் டிஏபி கறையும் பழுப்புதான். அங்கேயே குழப்பம் தொடங்கிவிடும்.

சங்கரன்கோவிலிலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ கத்திரி வெயிலில் வரும் மாதிரியில், வெட்டிய நேரத்துக்கும் ஃபார்மலினில் போட்ட நேரத்துக்கும் இடையில் 1 மணிக்கு மேல் போகக் கூடாது. பெரிய அறுவை மாதிரியை அப்படியே முழுதாக ஊறப்போட்டால் நடுவில் ஃபார்மலின் எட்டாது, ஓரம் நன்றாகக் கறை பிடித்து நடு வெளுத்துக் கிடக்கும். அதைப் பார்த்து ‘கட்டியின் ஆழத்தில் ராப்25 இழப்பு’ என்று எழுதிவிடும் அபாயம் உண்டு. 5 மில்லிமீட்டருக்கு மிகாத துண்டுகளாகக் கீறி ஊறவைத்த மாதிரிகளையே சேருங்கள். ஊறும் நேரம் 6 மணிக்குக் குறையவும் 72 மணியைத் தாண்டவும் கூடாது. வெள்ளி மாலை வந்து திங்கள் வரை கிடந்தவை எல்லைக்குள் இருக்கும், பொங்கல் விடுமுறையில் கிடந்தவை இருக்காது. பதிவேட்டில் தேதி பார்த்து ஒதுக்கிவிடலாம்.

ஈறுப் புற்றில் தாடை எலும்பும் சேர்ந்து வரும். நைட்ரிக் அமிலத்தில் எலும்பைக் கரைத்த பிளாக்கில் ஐஎச்சியை நம்ப முடியாது, டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் போய்விட்டிருக்கும். அதே கட்டியின் மென்திசுப் பிளாக்கைத் தேடி எடுங்கள்.

செய்முறைக்கு வருவோம். 3 முதல் 4 மைக்ரான் செக்‌ஷன், மின்னேற்றம் உள்ள ஸ்லைடில். 60 டிகிரியில் 1 மணி நேரம் சூடேற்றுங்கள். சைலீனில் இரண்டு முறை 10 நிமிடம், பிறகு இறங்குவரிசை ஆல்கஹால், தண்ணீர். ஃபார்மலினில் மறைந்துபோன ஆன்டிஜெனை (ஆன்டிபாடி பற்றும் இடம்) மீட்க இரண்டு கரைசலையும் சோதித்துப் பாருங்கள். ஒன்று சிட்ரேட், பிஎச் 6.0: டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 2.94 கிராம் 1 லிட்டரில். இன்னொன்று டிரிஸ் ஈடிடிஏ, பிஎச் 9.0: டிரிஸ் 1.21 கிராம், ஈடிடிஏ 0.37 கிராம் 1 லிட்டரில். இரண்டிலும் ட்வீன் 20 அரை மில்லி. பிரஷர் குக்கரில் முழு அழுத்தம் வந்த பின் 3 நிமிடம் எண்ணுங்கள். இறக்கியவுடன் குழாயடியில் காட்டினால் செக்‌ஷன் உரிந்து மிதக்கும், 20 நிமிடமாவது அதே கரைசலில் ஆறட்டும்.

3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 10 நிமிடம். 5 சதவீத சீரத்தில் அரை மணி. பிறகு முதல் ஆன்டிபாடி. நிறுவனத் தாளில் போட்டிருக்கும் நீர்ப்பை நம்பாமல் 1:50, 1:100, 1:200, 1:400 நான்கையும் ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தாளில் 'அறை வெப்பத்தில் 1 மணி' என்று இருக்கும். அது 22 முதல் 25 டிகிரி உள்ள அறை. மே மாதம் பாளையங்கோட்டையில் ஏசி இல்லாத ஆய்வக அறை அந்தக் கணக்கில் வராது. வெப்பத்தில் பின்னணிக் கறை ஏறும், திரவம் ஓரத்தில் காய்ந்து செக்‌ஷனைச் சுற்றிப் பழுப்பு விளிம்பு கட்டும். 4 டிகிரியில் இரவு முழுக்க, ஈரப்பஞ்சு வைத்த மூடிய பெட்டியில் வைப்பதே இங்கே பொருந்தும். கண்டறியும் கிட் பாலிமர் வகையாக இருக்கட்டும். பயோட்டின் வகையில் திசுவின் சொந்த பயோட்டினும் கறை பிடிக்கும். டிஏபி நேரத்தை முதல் ஸ்லைடில் நுண்ணோக்கியில் பார்த்து முடிவு செய்து, எல்லா ஸ்லைடுக்கும் அதே நேரத்தை வையுங்கள். டிஏபி புற்று உண்டாக்கலாம் என்ற ஐயத்துக்கு உரிய பொருள், கையுறையோடு தொடுங்கள், கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

நம் மக்களின் ஈறிலும் கன்ன உட்புறத்திலும் அடித்தளச் செல்களில் இயல்பாகவே மெலனின் உண்டு. டிஏபியின் பழுப்பும் மெலனினின் பழுப்பும் ஒன்றையொன்று அப்படியே ஒத்திருக்கும், வரும் இடமும் ஒன்றே. வெளிநாட்டுச் செய்முறைத் தாள்களில் இதைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. அதனால் ஒவ்வொரு நோயாளிக்கும் முதல் ஆன்டிபாடி இல்லாத ஒரு ஸ்லைடு கட்டாயம். அதிலும் பழுப்பு தெரிந்தால் அது மெலனின். மெலனின் மிகுந்த மாதிரிகளுக்கு ஏஇசி என்ற சிவப்புக் கறையைப் பயன்படுத்தலாம். அது ஆல்கஹாலில் கரைந்துவிடும் என்பதால் நீர்க்கலவை மவுண்ட்தான் போட வேண்டும். இல்லையென்றால் டிஏபியே போட்டு, எதிர்க்கறைக்கு ஹெமட்டாக்சிலினுக்குப் பதில் ஜீம்சா போடலாம், மெலனின் பச்சையாக மாறித் தனியாகத் தெரியும்.

கட்டுப்பாட்டுத் திசுவுக்கு டான்சிலைவிட நல்லது இல்லை. மேற்பரப்புச் செதிள் எபிதீலியம் ராப்25 காட்ட வேண்டும், கீழே உள்ள லிம்ஃபாய்டுச் செல்கள் காட்டக் கூடாது. ஒரே ஸ்லைடில் இரண்டு சாட்சி. லிம்ஃபோசைட்டும் பழுப்பாகத் தெரிந்தால் ஆன்டிபாடி ராப்11ஏவையும் பிடிக்கிறது என்று சந்தேகப்படுங்கள், இரண்டும் பாதிக்கு மேல் ஒத்த வரிசை கொண்டவை. நோயாளியின் ஸ்லைடிலேயே கட்டிக்குப் பக்கத்தில் இயல்பான எபிதீலியம் இருந்தால் அதுவே உள்கட்டுப்பாடு. அது கறை பிடிக்காமல் கட்டியும் கறை பிடிக்காமல் இருந்தால் அந்த ஸ்லைடை 'இழப்பு' என்று எண்ணாதீர்கள், தள்ளிவிடுங்கள். முன்னே சொன்ன வேட நாடகத்துக்கு இந்த ஒரு விதிதான் மருந்து.

ஆன்டிபாடிக் கணக்கையும் முன்கூட்டிப் போடுங்கள். ஸ்லைடுக்கு 150 மைக்ரோலிட்டர், நீர்ப்பு 1:200 என்றால் ஸ்லைடுக்கு 0.75 மைக்ரோலிட்டர் செலவாகும். 60 நோயாளி, சுற்றுக்கொரு டான்சில், நீர்ப்புச் சோதனை, மறுபடி செய்ய வேண்டியவை என்று சுமார் 85 ஸ்லைடுக்கு 64 மைக்ரோலிட்டர். 100 மைக்ரோலிட்டர் குப்பி ஒன்று போதும். 1:100 தேவைப்பட்டால் 128 ஆகிவிடும், இரண்டு குப்பி வேண்டும், இரண்டும் ஒரே லாட் எண்ணாக இருக்க வேண்டும். பாதியில் லாட் மாறினால் முன்பாதியையும் பின்பாதியையும் ஒப்பிட முடியாது.

மதிப்பெண்ணுக்கு எச் ஸ்கோர் போதும்: மெல்லிய கறைச் செல்களின் சதவீதம், நடுத்தரத்தின் சதவீதத்தை 2ஆலும் அடர்த்தியை 3ஆலும் பெருக்கிக் கூட்டுவது. 30 சதவீதம் மெல்லியது, 40 நடுத்தரம், 10 அடர்த்தி என்றால் 30+80+30, மொத்தம் 140. உச்சம் 300. கட்டியின் மையத்துக்கு ஒன்று, ஊடுருவும் விளிம்புக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள். விளிம்பில்தான் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பல கட்டிகளிலிருந்து 1 மில்லிமீட்டர் உருளை எடுத்து ஒரே பிளாக்கில் அடுக்கும் திசு மைக்ரோ அரே, ஸ்லைடை மிச்சப்படுத்தும், விளிம்பைத் தவறவிடும். கறை சைட்டோபிளாசத்தில் பரவியிருக்கிறதா, உட்கருவருகே குவிந்திருக்கிறதா, சவ்வில் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். உட்கருவில் மட்டும் கறை தெரிந்தால் ஆன்டிபாடியைச் சந்தேகியுங்கள். நோயாளி விவரம் தெரியாத இருவர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

புதுத் திசுவில் பிசிஆர்

நுண்ணிய எண் கிடைக்கும், பார்ப்பவர் கண்ணைச் சார்ந்திருக்காது, ஒரே ஆர்என்ஏவில் ராப்25, கிளிக்3 இரண்டையும் பார்க்கலாம். ஆனால் மாதிரி அறுவை அரங்கிலேயே காப்புக் கரைசலில் இறங்க வேண்டும். ஆர்என்ஏலேட்டர் வகைக் கரைசல் 37 டிகிரியில் 1 நாள், 25 டிகிரியில் 1 வாரம், 4 டிகிரியில் 1 மாதம் ஆர்என்ஏவைக் காக்கும். நம்முடைய வெயிலுக்கு முதல் எண்ணை மட்டும் மனத்தில் வையுங்கள். துண்டின் ஏதாவது ஒரு பக்கமாவது அரை சென்டிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரைசல் உள்ளே போவதற்குள் நடு அழுகிவிடும். ஒரு நாள் 4 டிகிரியில் ஊறிய பின்பே மைனஸ் 80க்கு.

உண்மையான சிக்கல் வேறு. ராப்25 எபிதீலியத்தில் மட்டும் இருப்பதால், துண்டில் எபிதீலியம் எவ்வளவு என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும். இயல்பான சளிச்சவ்வுத் துண்டில் 80 சதவீதம் எபிதீலியம், கட்டித் துண்டில் 40 சதவீதம் கட்டியும் மீதி நாரும் அழற்சிச் செல்லும் என்றால், எந்த மாற்றமும் இல்லாமலே சிடி மதிப்பு (எத்தனையாவது சுற்றில் சமிக்ஞை தெரிகிறது என்ற எண்) 1 கூடி, 'ராப்25 பாதியாகக் குறைந்தது' என்று வரும். பாக்கு மெல்பவர்களின் வாயில் நாரிழைப் பெருக்கம் அதிகம் என்பதால் இங்கே இந்தப் பிழை இன்னும் பெரிது. தப்பிக்க இரண்டு வழி உண்டு. துண்டின் ஒரு முனையை வெட்டி ஸ்லைடு பார்த்து, கட்டி 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மட்டும் சேர்ப்பது ஒன்று. ஒப்பிட்டுக் கணக்கிட வைக்கும் பொதுவான குறிப்பு மரபணுக்களோடு கெரட்டின்5 போன்ற செதிள் எபிதீலிய மரபணுவையும் ஓட்டி அதற்கு எதிராகவும் கணக்கிடுவது இன்னொன்று. எப்காம் வேண்டாம், இயல்பான செதிள் எபிதீலியத்தில் அது இருக்காது. குறிப்பு மரபணு ஒன்று போதாது, ஜிஏபிடிஎச் கட்டியில் மாறக்கூடியது. நிலைத்தரக் கோட்டின் சரிவு மைனஸ் 3.1க்கும் மைனஸ் 3.6க்கும் இடையில் இருக்க வேண்டும்.

பழைய பிளாக்கிலிருந்தே ஆர்என்ஏ எடுக்கலாமே என்பார்கள். எடுக்கலாம், ஆனால் துண்டு துண்டாக நொறுங்கியிருக்கும். 100 இணைக்குக் குறைவான நீளத்துக்குப் பிரைமர் வடிவமைத்தால் ஓரளவு வேலை செய்யும். அந்த உழைப்பை ஐஎச்சியில் போடுவது மேல்.

மற்ற மூன்றும்

வெஸ்டர்ன் பிளாட்டுக்கு நோயாளித் திசுவை வீணாக்காதீர்கள். பிசிஆரின் கலப்புச் சிக்கல் எல்லாம் இங்கேயும் உண்டு, அளவிடும் துல்லியமும் குறைவு. ஆனால் ஆன்டிபாடி வாங்கியதும் ஒருமுறை ஓட்டுங்கள்: 12 அல்லது 15 சதவீத ஜெல், 20 முதல் 30 மைக்ரோகிராம் புரதம், 0.2 மைக்ரான் துளையுள்ள பிவிடிஎஃப் சவ்வு. 0.45 மைக்ரானில் இவ்வளவு சிறிய புரதம் ஊடுருவிப் போய்விடும். ராப்25 ஏறக்குறைய இல்லாத ஏ2780 என்ற சூலகப் புற்றுச் செல்லையும், அதில் ராப்25-ஐச் செலுத்திய செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, 24 கிலோடால்டன் அருகே ஒரே பட்டை இரண்டாவதில் மட்டும் தெரிந்தால் ஆன்டிபாடி தேறியது. செல் வளர்க்கும் வசதி பல்கலைக்கழகத் துறைகளில் இருக்கும். மருத்துவக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்ய வேண்டிய படி இது.

மெத்திலேற்றச் சோதனைக்கு ஒரு நியாயம் உண்டு: பிளாக்கில் ஆர்என்ஏவைவிட டிஎன்ஏ நன்றாகத் தாங்கும், முன்னே சொன்ன 2016 ஆய்வும் மெத்தில் ஏற்றத்தைத்தான் சுட்டுகிறது. மெத்தில் இல்லாத இடங்களை வேதிமுறையில் மாற்றிக் காட்டும் பைசல்ஃபைட் மாற்றம் முழுமையாக நடக்காவிட்டால் மெத்தில் இல்லாததும் இருப்பதாகக் காட்டும், முழுக்க மெத்தில் ஏறிய, அறவே ஏறாத கட்டுப்பாட்டு டிஎன்ஏ இரண்டும் வேண்டும். ஐஎச்சியில் குறைவு தெரிந்த மாதிரிகளில் ஏன் குறைந்தது என்று கேட்க இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளலாம்.

ரத்த எலைசாவை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. ராப்25 செல்லுக்குள் சவ்வில் ஒட்டி வாழும் புரதம், செல் வெளியே சுரக்கும் பொருள் அல்ல. ரத்தத்தில் ஏதாவது தெரிந்தால் உடைந்த செல்லிலிருந்தோ, செல் வெளியே விடும் நுண்ணிய பைகளான வெளிநுண்பைகளிலிருந்தோ வந்ததாக இருக்கும், அது எந்த உறுப்பின் எபிதீலியம் என்று சொல்ல வழியில்லை. அதோடு நாம் தேடுவது குறைவை. கட்டியில் குறைந்தது ரத்தத்திலும் குறைந்து தெரிய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எச்சிலில் உதிரும் செல்களில் பெரும்பகுதி இயல்பான செல்கள், அங்கேயும் அதே கதை. ரத்தத்தில்தான் வேலை செய்ய வேண்டும் என்பவர்கள் வெளிநுண்பைச் சுரப்பை நடத்தும் ராப்27ஏ, ராப்27பி பக்கம் போகலாம். 2010இலிருந்து அந்தப் பாதை நன்றாகத் தெரிந்த ஒன்று.

எத்தனை மாதிரி, எந்தக் கேள்வி

முறையைத் தேர்ந்த பின்னும் கேள்வி தெளிவாக இல்லாவிட்டால் ஸ்லைடெல்லாம் வீண். 'இயல்பான திசுவுக்கும் கட்டிக்கும் வித்தியாசம்' என்பது பயோமார்க்கர் (நோயின் போக்கைக் காட்டும் குறி) கேள்வி அல்ல, வழக்கமான ஹெமட்டாக்சிலின் ஈயோசின் கறையிலேயே அது தெரிகிறது. மருத்துவருக்கு உதவும் கேள்வி இது: தொட்டுப் பார்த்தால் கழுத்தில் கட்டி இல்லாத, தொடக்கநிலை வாய்ப்புற்றில், யாருக்கு நெறிக்கட்டியில் புற்று ஒளிந்திருக்கிறது? மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் 2015 சோதனையில், முன்கூட்டியே கழுத்து நெறிக்கட்டிகளை அகற்றியவர்களில் 3 ஆண்டு உயிர்வாழ்வு 80 சதவீதம், பின்னால் தேவைப்பட்டால் அகற்றியவர்களில் 67.5 சதவீதம். ஆகவே கழுத்து நெறிக்கட்டிகளை முன்கூட்டியே அகற்றுவதே இப்போதைய வழக்கம். ராப்25 பயன்பட வேண்டுமானால், 'இவருக்குக் கழுத்தைத் தொட வேண்டாம்' என்று துணிந்து சொல்லத் தக்கதாக இருக்க வேண்டும். இப்படிப்பட்டவர்களில் 20 முதல் 30 சதவீதத்தினருக்குத்தான் ஒளிந்த பரவல் இருக்கும். அதாவது எந்தச் சோதனையும் செய்யாமலே 'இல்லை' என்று சொன்னால் 70 முதல் 80 சதவீதம் சரியாகிவிடும். 80 சதவீத எதிர்மறைக் கணிப்பு மதிப்பு ('இல்லை' என்று சொன்னது சரியாகும் விகிதம்) கிடைத்தது என்று மகிழ்ந்து எழுதுவதற்குமுன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

60 பேரில் 12 முதல் 18 பேருக்குப் பரவல் இருக்கும். ஒரு மாறிக்குப் பத்து நிகழ்வு என்ற பழைய கைவிதிப்படி அதில் ஒரே ஒரு மாறியைத்தான் சோதிக்கலாம். ஆனால் ராப்25, கட்டி ஊடுருவிய ஆழத்தோடு போட்டியிட்டு வெல்ல வேண்டும். அந்த ஆழம் ஏற்கெனவே ஏஜேசிசி என்ற அமெரிக்கக் குழுவின் 8ஆம் பதிப்பு புற்று நிலைப்படுத்தலில் 5, 10 மில்லிமீட்டர் எல்லைகளோடு இருக்கிறது, அளக்கச் செலவும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க 120 பேராவது வேண்டும். ஒரு கல்லூரியில் சேராவிட்டால் நாகர்கோவில், தூத்துக்குடி, மதுரைக் கல்லூரிகளோடு சேர்ந்து செய்யுங்கள், ஸ்லைடுகளை மட்டும் ஒரே இடத்தில் ஒரே கையால் கறையிடுங்கள்.

ராப்25 கூடுதலா குறைவா என்று பிரிக்கும் வெட்டுப்புள்ளியை முன்கூட்டியே எழுதி வையுங்கள். எச் ஸ்கோரை 50, 80, 100, 120 என்று மாற்றி மாற்றி வெட்டி, பி மதிப்பு எங்கே சிறிதாகிறதோ அங்கே நிறுத்துவது பொய்யான கண்டுபிடிப்புக்குக் குறுக்குவழி. நடு எண்ணில் வெட்டுங்கள், அல்லது வெட்டாமல் தொடர் எண்ணாகவே வையுங்கள். அறிக்கையை, கட்டிக் குறி ஆய்வுகளுக்கென 2005இல் வந்த ரிமார்க் நெறிமுறைப்படி எழுதினால் திருப்பி அனுப்பும் இதழ்கள் குறையும்.

இன்னொன்று: கழுத்து நெறிக்கட்டிகளை அகற்றுவதா என்ற முடிவு அறுவைக்கு முன் எடுக்க வேண்டியது, அப்போது கையில் இருப்பது சிறிய பயாப்சி மட்டும். அறுவை மாதிரியின் ஊடுருவும் விளிம்பில் கிடைத்த முடிவு, விளிம்பே இல்லாத மேலோட்டமான பயாப்சிக்குப் பொருந்தாது. முடிந்தவர்களிடம் இரண்டு பிளாக்கையும் எடுத்து, இரண்டின் மதிப்பெண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எங்கள் பார்வையில், இந்தச் சீமையில் செய்யத் தகுந்த முதல் ராப்25 ஆய்வே இதுதான்.

பிளாக்கைத் தொடுவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதைப் புற்று மரபணுத் தரவுகளைக் காட்டும் சிபயோபோர்ட்டல் இணையதளத்தில் செலவிடுங்கள், காசில்லை. அமெரிக்கப் புற்று மரபணுத் திட்டமான டிசிஜிஏவின் தலை கழுத்துப் புற்றுத் தரவில் வாய்ப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து ராப்25, கிளிக்3 இரண்டையும் பாருங்கள். குரல்வளையும் தொண்டையும் கலந்த மொத்தத் தொகுப்பை அப்படியே எடுத்தால் எச்பிவி வைரஸால் வரும் புற்றுகளும் உள்ளே வந்துவிடும். டிசிஜிஏ தரவில் பெரும்பாலோர் புகையும் மதுவும் காரணமான மேலைநாட்டு நோயாளிகள். பாக்கு மெல்லும் நம் நோயாளிகளின் ஈறு, கன்னப் புற்றுக்கு 2013இல் வெளியான இந்தியக் குழுவின் மரபணுத் தொகுப்பை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நோயாளிகளுக்கும் உறவினர்களுக்கும்: ராப்25 இன்னும் ஆய்வு நிலையில் உள்ள குறி. இதன் முடிவைப் பார்த்து எந்த மருத்துவரும் சிகிச்சையை மாற்றுவதில்லை, எந்த வழிகாட்டு நெறியும் கேட்பதில்லை. யாராவது இதற்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். வாயில் 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாய் திறக்க முடியாமை இருந்தால் செய்ய வேண்டியது சாதாரண பயாப்சி. அரசு மருத்துவமனையில் அது கிடைக்கும். அந்தத் துண்டை எடுக்கும் மருத்துவர் குப்பியில் ஃபார்மலின் நிறைய ஊற்றி, எடுத்த நேரத்தை லேபிளில் எழுதிவிட்டால் இந்த ஆய்வுக்கு அதுவே போதும்.